தஞ்சை அவையில் ஓர் அஞ்சாநெஞ்சர்: வேதநாயக சாஸ்திரியார்

புரவலரைச் சார்ந்தே புலவர்தம் வாழ்வு நடந்தது என்பது தமிழிலக்கிய வரலாறு காட்டும் உண்மை. உண்ட சோற்றுக்குரிய நன்றியையும் உள்ளத்துக்குரிய உண்மையையும் ஒருசேரக் காப்பது எளிதன்று. கந்தர்வக்கோட்டையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை சென்றடையும் தஞ்சை மாநகரில், அவ்விரண்டையும் காத்து வாழ்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார்.

இவர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் கிறித்தவ சமயத்தைத் தழுவியவர். சிறுவனின் கூரிய அறிவைக் கண்ட செருமானியத் தொண்டர் சுவார்ட்ஸ் ஐயர், பன்னிரண்டு வயதளவில் இவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். பின்னர்த் தரங்கம்பாடியில் இறையியல் பயின்று திரும்பிய இவர், இருபது வயது நிரம்பு முன்னரே தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். மராட்டிய இளவரசர் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் காப்பில் வளர்ந்தவரே. ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்த இருவருள் ஒருவர் 1798இல் அரியணை ஏறினார்; மற்றவர் எழுத்தாணி ஏந்தினார்.

1800ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, தமிழ்ச் சிற்றிலக்கிய மரபில் ஒரு புதுமை ஆகும். உலா வரும் தலைவன் இயேசு பெருமான். அவர்மீது காதல் கொள்பவள் சீயோன் மகளாகிய தேவமோகினி. குறி சொல்ல வருபவளோ விசுவாசம் என்னும் குறத்தி. கதிரவனை நடுவாகக் கொண்ட வானியலையும் உலக நிலவியலையும் அக்குறவஞ்சியிலேயே அவர் பாடி வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

முதற் சோதனை திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. 1820களில் வந்த புதிய ஐயர்மார், பழகிய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்ற முனைந்தனர். வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தனர். திருமணத்திலும் விழாவிலும் பூச்சூடலை விலக்கினர். நற்கருணையில் சாதி வேற்றுமை கூடாது என்றனர். நான்கையும் சாஸ்திரியார் எதிர்த்தெழுதினார். தமிழிசைக்காகவும் தமிழர் வழக்கத்துக்காகவும் அவர் நின்ற நிலை போற்றத்தக்கது. ஆயின் சாதி வேற்றுமையைக் காக்க அவர் வாதிட்டது, அவர் பாடிய அன்பு நெறிக்கே முரணானது என்பதை மறைத்தல் ஆகாது. அவ்வெதிர்ப்பின் விளைவாக அவர் பணியும் ஊதியமும் பறிபோயின.

வாழ்வுக்கு வழியின்றி நின்ற புலவரை 1829இல் சரபோஜி மன்னர் தம் அவைப்புலவராக ஏற்றுக்கொண்டார். இரண்டாம் சோதனை அங்கேதான் காத்திருந்தது. மன்னரோ பெருவுடையாரை வழிபடுபவர்; சிவக்கொழுந்து தேசிகர் போன்ற புலவர்கள் விளங்கிய அவை அது. பெத்லகேம் குறவஞ்சியைப் போலவே பெருவுடையார்மீதும் ஒரு குறவஞ்சி பாடித் தருமாறு மன்னர் கேட்டதாகவும், சாஸ்திரியார் பணிவோடு மறுத்ததாகவும் தஞ்சைக் கிறித்தவரிடையே செவிவழி வரலாறு வழங்குகின்றது. கேட்டவர் இளமைத் தோழர், வறுமையில் கைகொடுத்தவர், நாடறிந்த மன்னர். மறுத்தால் மீண்டும் வறுமை வரலாம். எனினும் நெஞ்சு ஒன்று நினைக்க நா ஒன்று பாடுவது தம் கடவுளுக்கும் பொய். தம் மன்னருக்கும் பொய் என அவர் கருதினார் போலும். மறுப்பு இருந்தது, பகை இல்லை. தம் சமயத்தினர் அல்லாத அப்புலவரை, 1832இல் தாம் மறையும்வரை ஆதரித்த மன்னரின் பெருந்தன்மையும் இங்கு எண்ணத்தக்கது.

மன்னர் மறைந்தபின் முப்பத்திரண்டு ஆண்டுகள் சாஸ்திரியார் வாழ்ந்தார். அரச ஆதரவு போயிற்று, பாட்டு நின்றபாடில்லை. நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை அவர் இயற்றினார் என்பர். 1864 சனவரி 24ஆம் நாள், தொண்ணூறாவது வயதில் இயற்கை எய்தினார். அவர்தம் கீர்த்தனைகள் இன்றும் தமிழகத் தேவாலயங்களில் ஒலிக்கின்றன. எந்தத் தமிழிசையை அன்று வாயிலுக்கு வெளியே நிறுத்த முயன்றனரோ, அதுவே இன்று வழிபாட்டின் நடுவே வீற்றிருக்கின்றது.

அஞ்சாமை என்பது பகைவர்முன் மட்டும் வேண்டப்படுவதன்று. சோறிட்ட கையை மதித்துக்கொண்டே, இயலாததை இயலாதென்று உரைப்பதே அதனினும் அரிய அஞ்சாமை. சாஸ்திரியாரின் வாழ்வு எழுதுகோல் ஏந்துவார்க்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே.