பாதாள ராஜாவைப் பிடித்த பண்ணைப் பையன்!

குழந்தைகளே, கிரேக்கப் புராணத்தில் ஹேடிஸ் என்று ஒரு ராஜா வருவார். ஜியஸ், பொசைடன், ஹேடிஸ் மூவரும் அண்ணன் தம்பிகள். உலகத்தைப் பங்கு பிரிக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். ஜியஸுக்கு வானம் கிடைத்தது. பொசைடனுக்குக் கடல். பாவம் ஹேடிஸ்! இறந்தவர்கள் போய்ச் சேரும் இருண்ட பாதாள உலகம்தான் அவருக்கு விழுந்தது. அவரிடம் ஒரு மாயத் தலைக்கவசம் உண்டு. அதை மாட்டிக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்.

ஹேடிஸை ரோமானியர்கள் புளூட்டோ என்று அழைத்தார்கள். என்ன, வானத்தில் இருக்கும் புளூட்டோ ஞாபகத்துக்கு வருகிறதா? ஒளிந்திருந்த அந்தப் புளூட்டோவைத் தேடிப் பிடித்தவர்தான் கிளைட் டாம்பா. அவர் கதையைக் கேளுங்கள்.

டாம்பா, அமெரிக்காவில் 1906 பிப்ரவரி 4 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால், ஆலங்கட்டி மழை கொட்டி, கான்சாஸ் மாநிலத்தில் இருந்த அவர்கள் பண்ணையின் பயிரையெல்லாம் நாசமாக்கியது. கையில் பணம் இல்லை. கல்லூரிக் கனவு கலைந்தது.

மனம் உடைந்து உட்கார்ந்துவிட்டாரா? இல்லை! 20 வயதில் தானே ஒரு தொலைநோக்கி செய்தார். அது சரியாக அமையவில்லை. தொலைநோக்கியின் கண்ணாடியைச் சோதிக்க, காற்று அசையாத, வெப்பம் மாறாத இடம் வேண்டும். அதற்காக மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்து, 24 அடி நீளம், 8 அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார். வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர் முதலில் பூமிக்குள் இறங்கினார், பாருங்கள்! 1928-ல் 9 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைச் செய்து முடித்தார். பழைய கார் பாகம், பாலாடை பிரிக்கும் இயந்திரத்தின் பாகம் எல்லாம் அதில் இருந்தன.

அதன் வழியாகச் செவ்வாயையும் வியாழனையும் பார்த்துப் படம் வரைந்தார். படங்களை அரிசோனாவில் உள்ள லோவெல் வான் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். படங்களைப் பார்த்தவர்கள், 1929-ல் அவரை வேலைக்கே கூப்பிட்டுவிட்டார்கள்!

அந்த ஆய்வுக்கூடத்தை நிறுவியவர் பெர்சிவல் லோவெல். நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு கிரகம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுத் தேடியவர் அவர். அது கிடைக்காமலே 1916-ல் இறந்துபோனார். அந்தத் தேடல்தான் டாம்பாவிடம் வந்தது.

வேலை சுலபமில்லை. குளிர் இரவுகளில் வானத்தைப் படம் பிடிக்க வேண்டும். சில நாள் கழித்து அதே இடத்தை மறுபடியும் படம் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு கருவியில் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் நகராமல் நிற்கும். கிரகம் மட்டும் இடம் மாறித் தாவும். ஒரே படத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருக்கும்! மாதக்கணக்கில் கண் வலிக்கத் தேடினார்.

1930 பிப்ரவரி 18, மாலை நேரம். ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் புள்ளி தாவியது. மாயத் தலைக்கவசம் கழன்றுவிட்டது! அப்போது டாம்பாவுக்கு வயது 24தான். கல்லூரி வாசலைக்கூட மிதிக்கவில்லை.

பிறகு ஒரு வேடிக்கை தெரிந்தது. 1915-ல் லோவெலின் ஆய்வுக்கூடம் எடுத்த படங்களிலேயே புளூட்டோ பதிவாகி இருந்தது. யாரும் கவனிக்கவில்லை! லோவெலின் கணக்கும் தவறு என்று பின்னாளில் தெரிந்தது. ஆக, புளூட்டோ சிக்கியது கணக்கால் அல்ல, டாம்பாவின் பொறுமையால்.

பெயர் வைத்தது யார் தெரியுமா? இங்கிலாந்தைச் சேர்ந்த வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி! இருட்டில் ஒளிந்திருக்கும் உலகத்துக்குப் பாதாள ராஜாவின் பெயர் பொருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் டாம்பா கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் பட்டம் பெற்றார். நியூ மெக்சிகோவில் பேராசிரியராக இருந்து, 1997 ஜனவரி 17 அன்று 90 வயதில் மறைந்தார்.

2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் குறுங்கோள் என்று விஞ்ஞானிகள் மாற்றி வகைப்படுத்தினார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் 'நியூ ஹொரைசன்ஸ்' விண்கலம் புளூட்டோவை நோக்கிக் கிளம்பியிருந்தது. அதில் டாம்பாவின் அஸ்தியில் கொஞ்சம் இருந்தது.

இறந்தவர்களை ஆற்றைக் கடத்தி, ஹேடிஸின் நாட்டில் சேர்க்கும் படகோட்டியின் பெயர் கேரன். புளூட்டோவின் பெரிய நிலவுக்கும் அதே பெயர்தான். 2015 ஜூலை 14 அன்று அந்த விண்கலம் புளூட்டோவையும் கேரனையும் கடந்து போனது. புளூட்டோவில் இதய வடிவில் ஒரு பெரிய நிலப்பகுதி தெரிந்தது. அதற்கு இப்போது டாம்பாவின் பெயர்!

பயிர் அழிந்த பண்ணையில் குழி வெட்டிய பையன், அதையும் தாண்டிப் பயணம் போய்க்கொண்டே இருக்கிறார்.