ஐஸ் அவுசில் பள்ளிக்கூடம் நடத்திய "சிஸ்டர்"

மெரினா பக்கம் பஸ்சில் போகிறவர்களுக்கு அந்த வட்டக் கட்டிடம் தெரியும். இன்று விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்தில் ஐஸ் அவுஸ். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கக் கட்டியது.

அதே கட்டிடத்தில் பிற்பாடு இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள். படிக்க வைத்தவர் சுப்பலட்சுமி. ஊரே "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டது.

சிறு வயதில் விதவை

சுப்பலட்சுமி 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தார். குழந்தையிலேயே கல்யாணம். 12 வயசு முடியுமுன்னே புருஷன் போய்விட்டார்.

அப்போதெல்லாம் விதவை என்றால் அடுப்படி மூலைதான். ஆனால் தந்தை சுப்பிரமணிய அய்யர் மகளை மூலையில் விடவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். எழும்பூர் கான்வெண்டுக்கும் அனுப்பினார். விதவையான சித்தி வாலாம்பாள் துணை நின்றார்.

1911-ல் பிரசிடென்சி காலேஜில் சுப்பலட்சுமி பி.ஏ. பாஸ்!

4 பேருடன் ஆரம்பம்

தான் படித்தால் போதுமா? எழும்பூரில் 4 இளம் விதவைகளை வைத்துக்கொண்டு ஒரு இல்லம் தொடங்கினார். 1912-ல் சாரதா மகளிர் சங்கம் பிறந்தது. இல்லம் பெருகி ஐஸ் அவுசுக்குக் குடிபோனது.

சோறு போட்டால் மட்டும் விதவையின் கஷ்டம் தீராது. கையில் சொந்தச் சம்பளம் வேண்டும். இது சிஸ்டர் போட்ட கணக்கு.

பெண் பிள்ளைகளை வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. டீச்சரம்மாக்களுக்கோ பஞ்சம். விதவைகளை டீச்சர் ஆக்கினால் இரண்டு கஷ்டமும் தீருமே!

1922-ல் ஐஸ் அவுஸ் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் டிரெய்னிங் காலேஜ் வந்தது. முதல் பிரின்சிபால் சிஸ்டர்தான். பாரமாக நினைத்து ஒதுக்கிய பெண்கள் டிரெய்னிங் முடித்து, மாசச் சம்பளம் வாங்கும் டீச்சர் ஆனார்கள்.

ஒரு குறை

ஐஸ் அவுஸ் இல்லத்தில் பிராமண விதவைகளுக்குத்தான் இடம். இதற்காகக் கண்டனமும் எழுந்தது. 1927-ல் வயசு வந்த பெண்களுக்காக சாரதா வித்யாலயா தொடங்கினார். பின்னர் அதை ராமகிருஷ்ணா மிஷன் ஏற்றது.

1942-ல் மயிலாப்பூரில் இன்னொரு பள்ளி. ஸ்ரீவித்யா கலாநிலையம். படிப்பை விட்டுவிட்ட பெரிய பெண்களுக்காக!

1958-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969 டிசம்பரில், 83-வது வயதில் சிஸ்டர் காலமானார்.