மறைச்செய்தி கற்ற ஆசிரியர்

1942 ஏப்பிரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அத்தாக்குதல் வருமென்பதைப் பகைவரின் மறைச்செய்திகளிலிருந்து முன்னரே உணர்த்தியவர்கள், கொழும்பிற் பெம்புறோக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்த பிரித்தானியக் குழுவினர். துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல அதனால் முன்கூட்டியே அகற்றப்பட்டன. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கடலை நம்பி வாழும் நம்மவர்க்கு, புயலை முன்னறிதலின் பயனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்குழுவின் தாய்நிறுவனத்தை வளர்த்தவர் அலஸ்ரெயர் டெனிஸ்ரன் என்னும் ஆசிரியர். அவர் வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது எனக் கருதுகின்றோம்.

இவர் 1881இல் ஸ்கொத்லாந்தின் கிறீனொக் நகரிற் பிறந்தார். பொன், பாரிசு நகரங்களிற் பயின்றார். 1908ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மூன்றாமிடம் பெற்ற ஸ்கொத்லாந்து ஹொக்கி அணியில் விளையாடினார். ஒஸ்போண் கடற்படைக் கல்லூரியில் ஜேர்மன் மொழி கற்பித்து வந்தவரை, 1914இல் மூண்ட போர் கடற்படைத் தலைமையகத்தின் 40ஆம் அறைக்கு ஈர்த்தது. அங்கே ஜேர்மானியரின் கம்பியில்லாத் தந்திகளை விடுவிக்கும் கலையிற் கைதேர்ந்தார். 1919இல் அரசாங்கம் அத்துறைக்கெனத் தனி நிறுவனம் அமைத்தபோது அதன் தலைவரானார்.

சமாதான காலத்திற் பணமும் ஆளும் அருகியிருந்தும், ஏறத்தாழ இருபதாண்டு அதனை அழியாது காத்தார். 1939 யூலையில் வோர்சோ நகரையடுத்த காட்டிற் போலந்து அறிஞரைச் சந்தித்தார். எனிக்மா என்னும் மறைப்பொறியை அவர்கள் வென்ற முறையை அறிந்துகொண்டார். பல்கலைக்கழகங்களிற் கணிதரையும் மொழியறிஞரையும் முன்னரே தெரிந்து வைத்திருந்தார். போர் தொடங்கியதும் அவர்கள் பிளெச்லி மாளிகையில் ஒன்றுகூடினர். அலன் ரூறிங் அவர்களுள் ஒருவர்.

ஆயின் பணி பெருகிய வேகத்துக்கு அவர் நிருவாகம் ஈடுகொடுக்கவில்லை. 1941 ஒக்ரோபரில் அறிஞர் நால்வர், ரூறிங் உட்பட, ஆட்பற்றாக்குறையைப் பிரதமர் சேர்ச்சிலுக்கு நேரே எழுதினர். 1942 பெப்ரவரியில் தலைமை, துணைவராயிருந்த எட்வேட் ட்ரவிசிடம் சென்றது. டெனிஸ்ரன் இலண்டனில் அரசதந்திரச் செய்திகளை ஆராயும் சிறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். கொழும்பு தாக்கப்பட்ட நாளில் அவர் பழைய ஆசனத்தில் இல்லை. எனினும் முணுமுணுப்பின்றி 1945 வரை உழைத்தார்.

ஒற்றனை வெளிப்படச் சிறப்பித்தால் மறை வெளியாகும் என்பது வள்ளுவர் கண்ட நெறி. அந்நெறி எல்லார்க்கும் ஒன்றாயிருந்திருப்பின் நாம் குறைகூறோம். ட்ரவிசுக்கு 1944இற் சேர் பட்டம் கிடைத்தது. அடித்தளமிட்டவர்க்கு அது கிடைக்கவில்லை. ஓய்வுபெற்றபின் லெதர்ஹெட்டில் ஒரு பள்ளியிற் சிறுவர்க்குப் பிரெஞ்சும் இலத்தீனும் கற்பித்தார். 1961 சனவரி முதல் நாளிற் காலமானார். பிளெச்லியின் இரகசியம் 1974இலேயே உலகறிய வெளியாயிற்று.

தாம் தெரிந்தெடுத்தவர் தம்மினும் உயர்ந்ததைக் கண்டும் மனங்கோணாது மீண்டும் வகுப்பறை புகுந்த அவரை, ஆசிரியர் பலரை நாட்டுக்களித்த தீவகத்து மக்களாகிய நாம் அயலவராக எண்ண இயலவில்லை.