விளிம்பு இல்லாத தோட்டாவும் பால் மௌசரும்

கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாம் ஒன்றில் பழைய .303 துப்பாக்கியால் சுட எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. முதல் குண்டு போயிற்று. இரண்டாவது தோட்டா பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பயிற்சியாளர் மேகசினைக் கழற்றிக் காட்டினார். அந்தத் தோட்டாவின் அடியில் தட்டுப்போல் வெளியே நீண்ட விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அடுக்கியவன் நான்தான், தவறும் என்னுடையதுதான். ஆனால் அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது தோட்டாவின் வடிவம். மென்பொருள் எழுதப் பிழைக்க வந்தபின் இது அடிக்கடி நினைவுக்கு வரும். பால் மௌசரின் வாழ்க்கையைத் தேடிப் படித்ததும் அதனால்தான்.

மௌசர் 1838-இல் ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பகுதியில், நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃபில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பால் வடிவமைப்பார், அண்ணன் வில்ஹெல்ம் வியாபாரம் பேசுவார். இருவரும் உருவாக்கிய துப்பாக்கியை 1871-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றது. அதில் ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட வேண்டும். அதனால் விளிம்பு தொல்லை தரவில்லை. தோட்டா குழலுக்குள் அதிகம் நுழையாமல் தடுத்தது, சுட்டபின் உறையை இழுக்கப் பிடி கொடுத்தது. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

வில்ஹெல்ம் 1882-இல் இறந்தார். 1888-இல் ஜெர்மன் ராணுவம், மௌசரை ஒதுக்கிவிட்டு, ஒரு குழுவை அமைத்துப் புதிய துப்பாக்கியைச் செய்துகொண்டது. அந்தக் குழுவின் தோட்டாவில் விளிம்பு இல்லை. அடியில் ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருந்தது. ஒதுக்கப்பட்ட மௌசர் அதே வழியில் அவர்களைத் தாண்டிப் போனார். 1889-இல் பெல்ஜியமும் 1893-இல் ஸ்பெயினும் அவரிடம் வந்தன.

ஸ்பெயினுக்கு அவர் செய்த 7 மி.மீ. துப்பாக்கியில் தோட்டா, மேகசின், போல்ட் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. ஐந்து தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறி மேகசினில் உட்காரும். மாட்டிக்கொள்ள விளிம்பு இல்லாததால் எப்படி அடுக்கினாலும் வழுக்கி முன்னே போகும். மேகசினை விட்டுக் கிளம்பும்போதே போல்ட்டின் கொக்கி பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். வெற்று உறையை வெளியே எறியும்வரை விடாது. உறை முன்பக்கம் சற்றே குறுகிச் செல்லும். சுடும்போது விரிந்து சுவரில் ஒட்டும் பித்தளை, சிறிது பின்னுக்கு நகர்ந்தாலே விடுபட இந்தச் சரிவு உதவும். சரிவு கூடினால் மேகசினையே வளைக்க வேண்டியிருக்கும்; பிற்காலத்து ஏ.கே. 47-இல் பார்க்கிறோமே, அதுபோல. இதற்கு ஒரு விலையும் உண்டு. விளிம்பு செய்த தடுப்பு வேலையை இப்போது உறையின் தோள் செய்ய வேண்டும். அந்த அளவு பிசகினால் தோட்டா வெடிக்காமல் போகலாம், உறை கிழியவும் கூடும்.

1898 ஜூலையில் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் ஏறிய அமெரிக்கர்கள் இந்தத் துப்பாக்கிக்கு எதிரே நின்றார்கள். அவர்கள் கையில் இருந்த கிராக் துப்பாக்கிக்கு விளிம்புள்ள தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஸ்பானியர்கள் ஐந்தையும் ஒரே அழுத்தில் ஏற்றினார்கள். அமெரிக்கா பாடம் கற்றது. 1903-இல் விளிம்பில்லாத தோட்டாவுக்கு மாறி, மௌசருக்கு உரிமைத் தொகையும் கட்டியது. 1898-லேயே ஜெர்மனியும் அவரிடம் திரும்பி வந்திருந்தது.

1901-இல் தானியங்கித் துப்பாக்கிச் சோதனை ஒன்றில் அவர் ஒரு கண்ணை இழந்தார். ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. 1914 மே 29 அன்று இறந்தார். இரண்டு மாதங்களில் உலகப்போர் மூண்டது. லட்சக்கணக்கான ஜெர்மானியர்களின் கையில் அவருடைய துப்பாக்கி இருந்தது.

எழுதும் நிரல் எங்கும் சிக்காமல் ஓட வேண்டும் என்பதே என் தொழிலின் ஆசை. மௌசரின் ஆசையும் அதுதான். முகாமில் என் துப்பாக்கி சிக்கியபோது எதிரே இருந்தது ஓர் அட்டை இலக்கு. சான் ஹுவானில் ஸ்பானியத் துப்பாக்கிகள் சிக்காமல் சுட்டன. எதிரே மனிதர்கள் இருந்தார்கள். மௌசரின் திறமையை வியக்கும்போதெல்லாம் எனக்கு இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.