ஒளியைத் தேடிய ஃபின்சென்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

சென்ற கோடை விடுமுறையில் அம்மாவுடன் கடலை பறிக்கப் போனேன். பத்து நாள் வெயிலில் முகமும் முழங்கைக்குக் கீழும் நன்றாகக் கறுத்துவிட்டன. படிக்கிற பெண்ணைக் காட்டுக்கு அழைத்துப் போய் இப்படிக் கரிக்கட்டையாக்கி விட்டாயே, நாளை எந்த வரன் வருமென்று உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா பதில் சொல்லவில்லை. கூலிப் பணத்தில் முகம் வெளுக்கும் களிம்பு ஒன்றை வாங்கி நானும் இரகசியமாகப் பூசிப் பார்த்தேன். கல்லூரி திறந்த பின், நோபல் பரிசு பெற்றோரைப் பற்றிய நூலொன்றை நூலகத்தில் புரட்டும்போது, தம் கையைத் தாமே வெயிலில் நீட்டிச் சுட்டுக்கொண்ட ஒரு மருத்துவரைச் சந்தித்தேன். நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென் என்பது அன்னாரின் பெயர். நம்மில் பலரும் கேள்விப்படாத பெயர் என்பதால் அவர் வரலாற்றை இங்கு எழுத விழைகிறேன்.

வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் என்றொரு சிறு தீவுக்கூட்டம் உண்டு. அங்கே தோர்ஸ்ஹவ்ன் என்னும் ஊரில் 1860ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஃபின்சென் பிறந்தார். தந்தை ஐஸ்லாந்து வழிவந்தவர், அரசு அதிகாரி. தாயை மிக இளம் வயதிலேயே இழந்தார். படிப்பதற்காக டென்மார்க்கில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். நல்ல மனம் படைத்த பையன்தான், ஆனால் திறமையும் ஊக்கமும் போதாது என்று அப்பள்ளித் தலைவர் அறிக்கை கொடுத்துவிட்டார். தந்தை அவரை ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரப் பள்ளிக்கு மாற்றினார். அங்கேயோ ஐஸ்லாந்து மொழி அவருக்குச் சரிவர வரவில்லை. 21 வயதில் பள்ளிப் படிப்பை முடித்தபோது, பதினைந்து மாணவர்களில் அவர் பதினோராவது இடம்!

இந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு இங்கு வந்து, ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தைத் தலையாட்டிக் கேட்டு, முதல் பருவத்தில் இரண்டு தாள்களைக் கோட்டைவிட்டவள் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவர் எனக்கு முன் யாருமில்லை. ஆதலால் ஆறுதல் சொல்லவும் ஆளில்லை. பதினோராவது இடம் பெற்ற அந்தப் பையன் அன்று எனக்குத் துணையாக இருந்தான்.

1882இல் கோபன்ஹேகன் சென்று மருத்துவம் பயின்ற ஃபின்சென், 1890இல் பட்டம் பெற்றார். உடற்கூறியல் துறையில் பிணங்களை அறுத்து மாணவர்களுக்குக் காட்டும் பணி கிடைத்தது. ஆனால் மாணவப் பருவத்திலேயே அவரை ஒரு கொடிய நோய் பற்றியிருந்தது. இதயத்தையும் கல்லீரலையும் மூடியிருக்கும் உறைகள் தடித்து இறுகி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் அது. நாளுக்கு நாள் சோர்வு. அவர் தங்கியிருந்த அறையோ வடக்குப் பார்த்தது. வெயில் எட்டிப் பாராதது. வெயிலில் நின்றால் உடம்பு சற்றே தெளிவதை அவர் கண்டார். கூரைமேல் படுத்திருந்த பூனையொன்று, நிழல் தன்மேல் விழும்போதெல்லாம் எழுந்து நகர்ந்து மீண்டும் வெயிலில் படுத்துக்கொண்டதாம். அதற்கு என்ன தெரிந்திருக்கிறது என்று இவர் சிந்திக்கத் தொடங்கினார். நம் ஊர்ப் பூனைகள் நிழலைத் தேடி ஓடும். அது வேறு கதை.

வெயிலில் தோல் சிவந்து புண்ணாவது வெப்பத்தினால் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். பனி மலையில் நடப்பவர்க்கும் முகம் வெந்து உரிகிறதே, அங்கே வெப்பம் ஏது? கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களை ரிட்டர் 1801லேயே கண்டுபிடித்திருந்தார். தோலைச் சுடுவது அக்கதிர்களே என்று சுவீடன் நாட்டு வித்மார்க் என்பவர் 1889இல் சோதனையால் காட்டினார். அப்படியானால் சில நாளில் தோல் கறுப்பது ஏன்? இதைத்தான் ஃபின்சென் தம் கையிலேயே சோதித்தார்.

முன்கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை தீட்டிக்கொண்டு, கடும் வெயிலில் சுமார் மூன்று மணி நேரம் கையை நீட்டி வைத்திருந்தார். பிறகு மையைக் கழுவினார். மை இருந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. சில மணி நேரத்தில் அதன் இருபுறமும் சிவந்து வீங்கி வலித்தது. நாட்கள் சென்றன. சிவப்பு மாறி, இருபுறமும் பழுப்பாயின; நடுவில் வெள்ளைப் பட்டை மட்டும் நின்றது. இத்துடன் பலர் நிறுத்தியிருப்பார்கள். அவரோ மை பூசாமல் அதே கையை மீண்டும் வெயிலில் வைத்தார். இம்முறை வெந்து சிவந்தது வெள்ளைப் பட்டை மட்டுமே! பழுப்பேறிய பகுதி இன்னும் சற்றுக் கறுத்ததே தவிரப் புண்ணாகவில்லை. தோலில் ஊறும் நிறமி ஒரு குடை என்பது இவ்வாறு ஐயமறத் தெரிந்தது.

இதைப் படித்த அன்று மாலை எனக்கு அம்மாவின் மணிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. என் சேர்க்கைக் கட்டணத்துக்காக இரண்டு வளையல்களைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தபோது, அவை கிடந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தேன். அந்த இடமும் கையோடு கையாகக் கறுத்திருந்தது. வளையல் இன்னும் மீளவில்லை. களிம்பு டப்பாவை அதற்குப் பின் நான் திறக்கவில்லை.

சுடும் கதிரை மருந்தாக்க முடியுமா என்பது ஃபின்செனின் அடுத்த கேள்வி. முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய்க்கு அக்காலத்தில் நல்ல மருந்து கிடையாது. நோயாளிகள் முகத்தை மூடிக்கொண்டு ஒதுங்கி வாழ்ந்தனர். பல ஆண்டுகள் அந்நோயால் வருந்திய மோகென்சன் என்னும் பொறியாளருக்கு 1895இல் கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்துப் பாய்ச்சினார். முன்பு நம் திரையரங்குகளில் படம் காட்டியதும் அதே வகை விளக்கால்தான். வெப்பம் சுடாதிருக்க ஒளியை நீரின் வழியே செலுத்தினார். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்குமாதலால் படிகக்கல் வில்லைகளைப் பயன்படுத்தினார். இரத்தம் ஒளியை விழுங்கிவிடும் என்பதால் செவிலியர் ஒரு படிகத் தட்டைத் தோல்மேல் அழுத்திப் பிடித்து இரத்தத்தை விலக்குவார். மோகென்சன் தேறினார். 1896இல் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. 1903இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃபின்செனுக்கு வழங்கப்பட்டது. டென்மார்க் நாட்டவர் பெற்ற முதல் நோபல் பரிசு அது. சக்கர நாற்காலியில் முடங்கியிருந்த அவரால் பரிசு வாங்கப் போக இயலவில்லை. பரிசுப் பணத்தில் ஒரு பங்கை நிலையத்துக்கே அளித்தார்.

பிற்காலத்தில், 1920களுக்குப் பின், மேலை நாட்டார் மேனியைப் பழுப்பாக்கிக்கொள்வதையே நாகரிகமாக்கிக் கொண்டனர். கடற்கரையில் எண்ணெய் பூசிப் படுத்து, ஒரே நாளில் பழுக்க எண்ணி வெந்து போகிறவர்கள் ஃபின்செனின் கையை நினைப்பதில்லை. சிவப்பு சில மணி நேரம் கழித்தே தெரியும். அரை நாள் முதல் ஒரு நாளுக்குள் உச்சமடையும். நிறமி திரள இரண்டு மூன்று நாட்களாகும். ஆகையால் எரிச்சல் தெரியும்போது எழுந்தால் போதுமென்பது தவறான கணக்கு. வெளிர்தோல் உள்ளவர் முதலில் சில நிமிடங்களே நின்று, இடைவெளி விட்டு, மெல்ல நேரத்தைக் கூட்டினால் வேகாமல் தப்பலாம். தம் நிழல் தம் உயரத்தைவிடக் குறுகும் உச்சிப்பொழுதில் நிழலில் ஒதுங்குவதும், துணியும் தொப்பியும், இரண்டு மணிக்கொருமுறை பூசும் வெயில் தடுப்புக் களிம்பும் வேண்டும். அப்படியும் ஒன்று சொல்ல வேண்டும்: உயிரணுவுக்குள் மரபுப் பொருள் சேதமுற்ற பின்னரே தோல் நிறமியைக் கூட்டுகிறது என்று இன்று தெரிகிறது. புதிதாக ஏறிய பழுப்பு தரும் காப்பும் சொற்பமே, ஓட்டைக் குடைதான். மேனியைப் பழுப்பாக்கும் விளக்குப் படுக்கைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் அறிவித்தது. எங்களைப் போல் பிறவியிலேயே கறுத்தவர்க்குக் குடை பெரிது. ஆனாலும் நடுப்பகலில் கடலைக்காட்டில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளும் அம்மாவின் பழக்கம் சரியானதே.

ஃபின்சென் தம் கடைசி ஆண்டுகளில் ஒளியை விட்டுத் தம் நோயையே ஆராய்ந்தார். உண்ணும் உப்பையும் பருகும் நீரையும் அளந்து, உடம்பில் நீர் கோப்பதற்கும் உப்புக்கும் உள்ள தொடர்பைக் குறித்து 1904இல் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் தமது 43ஆம் வயதில் கோபன்ஹேகனில் காலமானார். இறந்த பின் தம் உடலை அறுத்து ஆராய வேண்டுமென்று அவரே கேட்டிருந்தார். ஒரு காலத்தில் பிணங்களை அறுத்து மாணவர்க்குக் காட்டியவர் அல்லவா? அவர் விருப்பப்படியே செய்தனர்; இதய உறை இறுகிக் கிடந்ததைக் கண்டு குறித்துவைத்தனர்.