பத்திரிகைப் பள்ளியில் பாரதியார்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் நிலப்பரப்பின் நடுவே அமைந்த ஊர் எட்டயபுரம். வானம் பார்த்த அப்பூமியில் பருத்தியும் கம்பும் விளைவித்து, களையெடுத்து, பருத்தி பறித்து, உழைப்பு ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். அதே மண்ணில் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். அவரைக் கவிஞராக நாடறியும். நாளிதழ் அலுவலகத்தில் இளநிலைப் பணியாளராய் அமர்ந்து தொழில் பயின்றவர் என்ற வகையில் அவரை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றையே நம் சமுதாய இளைஞர்களின் பொருட்டு இவ்வெள்ளி விழா மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் எட்டயபுரத்துப் புலவரவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தையார் ஊரில் பருத்தி ஆலை நிறுவ முயன்று, பெரும்பொருள் இழந்து, 1898இல் மறைந்தார். காசியில் உறவினர் இல்லத்தில் தங்கி வடமொழியும் இந்தியும் ஆங்கிலமும் பயின்ற பாரதியார், ஊர் திரும்பிச் சில காலம் அரண்மனையில் பணியாற்றினார். அவ்வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதங்களுக்கு மேலாகத் தற்காலிகத் தமிழாசிரியராய் இருந்துவிட்டு, அவ்வாண்டின் இறுதியில் சென்னை சென்று சுதேசமித்திரன் நாளிதழில் உதவியாசிரியராய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை.

சுதேசமித்திரன், ஜி. சுப்பிரமணிய ஐயரால் 1882இல் தொடங்கப்பெற்று, 1899 முதல் நாளிதழாக வெளிவந்தது. விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்வித்துத் தம் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்ட துணிவுடையவர் அவ்வாசிரியர். அவர்பால் பாரதியாருக்கு வாய்த்த முதற்பணி மொழிபெயர்ப்பே ஆகும். ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும், ஆங்கில இதழ்களில் வெளியாகும் சொற்பொழிவுகளையும் அன்றன்றே தமிழாக்கித் தருதல் வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சிட்ட காலம் அது. எழுத்துக் கோப்போர் காத்திருக்க, உரிய நேரத்தில் எழுதி முடிக்காவிடின் நாளிதழே தாமதமாகும்.

இப்பணி எளிதன்று. நாடாளுமன்றம், வரவு செலவு, தேர்தல், வேலைநிறுத்தம் போன்றவற்றைக் குறிக்கும் சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறாத நாளில், பொருளும் கெடாமல், படிப்போர் நெஞ்சிலும் பதியுமாறு எழுதப் பழகவேண்டியிருந்தது. ருஷிய ஜப்பானியப் போரும், 1905இல் நிகழ்ந்த ருஷியக் கிளர்ச்சியும், அதே ஆண்டின் வங்கப் பிரிவினையும் அவருடைய மேசைக்கு வந்த உலகப் பாடங்களாயின. அரண்மனைக்குச் செய்யுள் இயற்றிய கை, பொதுமக்களுக்காக உரைநடை எழுதும் கையாக மாறியது இங்கேதான். பிற்காலத்தில் அவர் பாட்டில் காணப்படும் எளிமைக்கும் இப்பயிற்சி துணைசெய்தது எனக் கருதுகிறோம்.

எனினும், தலையங்கம் எழுதித் தம் கருத்தை வெளியிடும் உரிமை இளையவரான அவருக்கு அங்கே இல்லை. 1905இல் சக்கரவர்த்தினி என்னும் மாதர் மாத இதழுக்கு ஆசிரியரானார். 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழில்தான் அவர் எண்ணம் தடையின்றி வெளிப்பட்டது. அரசியல் கேலிச் சித்திரத்தைத் தமிழ் இதழுலகில் வேரூன்றச் செய்த பெருமையும் அவ்விதழுக்கு உண்டு. 1908இல் அடக்குமுறை வந்தபோது, இதழின் சட்டப்பூர்வ ஆசிரியராகப் பதிவாகியிருந்த வேறொருவர் சிறைத்தண்டனை அடைந்தார்; பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து வெளிவந்த இந்தியாவும் ஆங்கில ஆட்சியின் தடையால் 1910இல் நின்றது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். பாரதியாருக்கு நாளிதழ் அலுவலகத்தின் கதவு திறந்தது. திறமையோடு, ஆங்கிலக் கல்வியும், அரண்மனைத் தொடர்பும், பிறந்த குலமும் அவருக்குத் துணை நின்றன. அவர் காலத்து நம் முன்னோர்க்குத் திறமை இருந்தது. மற்ற மூன்றும் எட்டாக் கனியாய் இருந்தன. ஆதலின் அவர்கள் பிறர் அலுவலகத்தில் பயிலக் காத்திராமல், தாமே இதழ் தொடங்கினர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக நிமிர்த்தி வைத்த நெஞ்சுரம் அது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைச் சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கினார். அது பின்னர்த் தமிழன் எனப் பெயர்பெற்று, 1914இல் அவர் மறையும் வரை அவர் கையால் நடந்தது. பாரதியார் இந்தியா இதழை நடத்திய அதே நகரில், அதே நாட்களில் இதுவும் நடந்தது. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தால்தான் தமிழ் இதழியலின் முழு உருவம் புலனாகும்.

புதுச்சேரியில் வாழ்ந்தபோது பாரதியார், நம்மவரான கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் பூணூல் அணிவித்துக் காயத்திரி மந்திரம் உபதேசித்தார். நூல் அணிவதால் சாதி ஒழியாது என்பது நம் துணிபு. ஆயினும், தம் குலத்தார் வெறுப்பார் என அறிந்தும் அவர் செய்த செயலின் நேர்மையை நாம் மறுப்பதற்கில்லை.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார், கடலூர் அருகே கைதாகிச் சில வாரங்கள் சிறையிலிருந்து விடுதலையானார். கடையத்தில் வறுமையோடு வாழ்ந்தபின், 1920இல் மீண்டும் சுதேசமித்திரனுக்கே உதவியாசிரியராய்த் திரும்பினார். தொழில் பயின்ற இடமே இறுதிப் பணியிடமும் ஆயிற்று. திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளப்பட்டுக் காயமுற்று, தேறிப் பணிக்குச் சென்றவர், பின்னர் வயிற்றுக்கடுப்பு நோயால் 1921 செப்டம்பரில் காலமானார். அப்போது அவர் நாற்பது வயதையும் எட்டவில்லை. எட்டயபுரத்தில் அவர் நினைவாக எழுந்த மணிமண்டபம் 1947இல் திறக்கப்பெற்றது.

அன்பார்ந்த இளைஞர்களே! அக்கதவு இன்று அகலத் திறந்துவிட்டது என எண்ணிவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு தில்லியில் 37 செய்தி நிறுவனங்களைச் சேர்ந்த 315 உயர்பொறுப்பாளர்களைப் பற்றி ஆய்ந்தபோது, அவர்களுள் தாழ்த்தப்பட்டோரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை எனத் தெரிந்தது. நம் தெருவில் தண்ணீர் வராததும், நம் பிள்ளை தாக்கப்படுவதும் செய்தியா அன்றா என முடிவுசெய்யும் நாற்காலியில் நாம் இல்லையெனில், நம் துயரம் அச்சேறாமலே மறையும்.

ஆகவே பாரதியார் பயின்ற முறையை நாமும் கைக்கொள்வோம். நாள்தோறும் ஓர் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிப் பழகுங்கள். ஊரில் நிகழ்வதை நாள், இடம், பெயர் பிழையின்றிக் குறித்து வையுங்கள். இதழ்களுக்கு எழுதுங்கள், திரும்பி வந்தால் திருத்தி மீண்டும் அனுப்புங்கள். பயிற்சிக்கு இடம் கிடைத்தால், சிறுபணி என ஒதுக்காமல் சேருங்கள். கிடைக்காவிடின், அயோத்திதாசரையும் இரட்டைமலையாரையும் நினைந்து, நால்வர் கூடி நான்கு பக்க இதழேனும் தொடங்குங்கள். கரிசல் மண்ணில் எழுதத் தெரிந்த தலைமுறை ஒன்று நம்மிடையே எழுமாயின், கல்விக்கென இக்கழகம் ஆற்றிய தொண்டு பயன் தந்ததென்று பெருமிதம் கொள்வோம்.