ஒலியை ஆராய்ந்த சர் சி. வி. இராமன்

சர் சி. வி. இராமன் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒளி. ஆனால் அப்பேரறிஞர் இளமை முதல் ஒலியையும் ஆராய்ந்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1888 நவம்பர் 7-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே கல்கத்தாவில் நிதித்துறை அலுவலரானார். பகலில் அரசாங்கக் கணக்கு. காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு. வயலின் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதை அங்கே ஆராய்ந்தார். 1917-இல் அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

1933-இல் பெங்களூர் சென்றவர் மீண்டும் ஒலியின் பக்கம் திரும்பினார். திரவத்தினுள் மீயொலியைச் செலுத்தினால் அதன் நெருக்கங்களும் நெகிழ்ச்சிகளும் ஒளிக்கற்றையைப் பல கதிர்களாகப் பிரிக்கும். இதற்கான கணித விளக்கத்தை 1935–36-இல் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து அளித்தார். பிரிந்த கதிர்களின் பொலிவு, ஒலியின் வலிமையைக் காட்டும். ஆகவே ஒலி செல்லச் செல்ல எவ்வளவு தேய்கிறது என்பதை ஒளியைக் கொண்டே அளக்கலாம்.

தேயும் ஒலியின் ஆற்றல் எங்கே போகிறது? அது அழிவதில்லை, திரவத்தின் பாகுநிலை முதலியவற்றால் வெப்பமாக மாறுகிறது. தூய நீரில் அதிர்வெண் இரு மடங்கானால் இத்தேய்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும். நம் தூத்துக்குடி விசைப்படகுகளின் எக்கோ சவுண்டரிலும் உயர்ந்த அதிர்வெண் ஆழத்திற்குச் செல்லுமுன் விரைவில் தேய்வது இதனை ஒத்ததே.

1961-இல் நடந்த முத்துக்குளிப்பில் என் தாத்தா கடலில் இறங்கியவர். கீழிருந்து கயிற்றை இழுத்தே மேலே உள்ளவருக்குச் சேதி சொல்வாராம். படகில் நின்று கூவினால் அவ்வொலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீருக்குள் நுழையும். எஞ்சியது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். தாத்தா அனுபவத்தால் அறிந்ததன் காரணத்தை நான் வகுப்பறையில் கற்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் பெற்றதும் வேலைக்குச் செல்ல வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். மேலே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இராமனின் தந்தை கல்லூரி ஆசிரியர். அவரைப் போல் பதவியைத் துறப்பது எம்போன்றோர்க்கு எளிதன்று. ஆயினும் அதற்குமுன் பத்தாண்டுகள் வேலையையும் ஆய்வையும் அவர் ஒருங்கே நடத்தினார் அன்றோ! அந்தப் பத்தாண்டுகளே எனக்கு வழிகாட்டி.

1970 நவம்பர் 21-இல் மறைந்த அம்மேதையின் இப்பகுதி வாழ்வையும் நண்பர்கள் படித்துப் பயன்பெற வேண்டுகிறேன்.